தோட்டம் இனித்தது, தோட்டக்காரன் கசந்தான்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் வேலை செய்கிற தோழர்கள் ஒரு கதையைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். போனஸ் பேச்சுவார்த்தை என்று போய் உட்கார்ந்தால் போதும், மானேஜர் அந்தக் கதையை எடுத்துவிடுவார். "ஜப்பானிலே தொழிலாளிக்குக் கோபம் வந்தால் வேலையை நிறுத்தமாட்டான். கையிலே கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு பங்கு வேலை செய்வான். செருப்புக் கம்பெனியாக இருந்தால் இடதுகால் செருப்பாகவே தைத்துக் குவிப்பான். அதுவல்லவா பண்பாடு!" என்பார். நம்மவர்களிலும் சிலர், "ஆமாம், ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

மீகே என்று ஜப்பானில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. மிட்சுயி முதலாளிகளுக்குச் சொந்தமானது. அங்கே ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். 1960இல் தொழிலாளர்கள் 313 நாள் போராடினார்கள். மறியலில் நின்ற ஒரு தொழிலாளியை அடியாட்கள் குத்திக் கொன்றார்கள். கடைசியில் அந்தப் போராட்டம் தோற்றுத்தான் போயிற்று. ஆனால் அவர்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கூடுதலாகக் கரி வெட்டிக் கொடுக்கவில்லை! மானேஜர் சொல்கிற ஜப்பானில் மீகே இல்லை.

ஒரு நாட்டாரின் பண்பாட்டைப் புகழ்வது வேறு. அந்த நாட்டு மனிதனை மனிதனாக மதிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கிறது என்பதை, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜப்பானியரின் சரித்திரம் காட்டுகிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பீரங்கியைக் காட்டி ஜப்பானின் கதவைத் திறக்க வைத்தன. பிறகு என்ன நடந்தது? ஜப்பானியப் பட்டும், பீங்கானும், விசிறியும், மர அச்சுப் படங்களும் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. பாரிஸ் நகரத்துக் கலைஞர்கள் பித்துப் பிடித்ததுபோல் ஆனார்கள். வான்கோ என்ற பெரிய ஓவியர் 1887இல் ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்து அப்படியே எண்ணெய் வர்ணத்தில் எழுதினார். மழையில் பாலத்தின் மேல் ஜனங்கள் விரைந்து போகிற படம் அதில் ஒன்று. மோனே என்பவர் தம் வீட்டுக் குளத்தில் ஜப்பானியப் பாலமே கட்டிக்கொண்டார். இதையெல்லாம் நாம் குறை சொல்லவில்லை. நல்ல கலையை நேசிப்பதில் என்ன தவறு? நாம் பத்தாவது படித்த காலத்துப் புத்தகத்திலும் ஜப்பான் என்றால் காகிதக் குடையும் பூத்த மரமும்தான்.

அமெரிக்காவுக்கு வருவோம். 1894இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதில் ஒரு ஜப்பானியக் கிராமத்தை அமைத்தார்கள். காட்சி முடிந்த பிறகு அந்த இடம் ஜப்பானியத் தேநீர்த் தோட்டம் ஆயிற்று. அதை வளர்த்து ஆளாக்கியவர் மகோட்டோ ஹகிவாரா என்ற ஜப்பானியர். ஜப்பானிலிருந்து செடி வரவழைத்தார், மீன் வரவழைத்தார், தம் காசையும் போட்டார். குடும்பத்தோடு தோட்டத்திலேயே குடியிருந்தார். அமெரிக்கச் சீமான்களும் சீமாட்டிகளும் அங்கே வந்து தேநீர் குடித்து, "ஆகா, என்ன அமைதி! என்ன அழகு!" என்று வியந்து போனார்கள்.

அதே நகரத்தில் 1906 ஏப்ரலில் பெரும் பூகம்பம் வந்தது. நகரமே எரிந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த உதவி நிதியில் ஜப்பான் அனுப்பியதே மிகுதி. பூகம்பத்தை ஆராய ஓமோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி வந்தார். அவரைத் தெருவில் கல்லால் அடித்தார்கள்! அதே ஆண்டு அக்டோபரில் நகரத்துக் கல்வி போர்டு ஓர் உத்தரவு போட்டது: ஜப்பானிய, கொரியப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது, சீனர் தெருவில் உள்ள தனிப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று. கிளாசுக்கு வெளியே நின்று பாடம் கேட்ட தாத்தாமார்கள் நம் சேரிகளிலும் இருந்தார்கள். அந்த உத்தரவின் வாடை நமக்குப் புதிதல்ல.

உத்தரவு வாபஸ் ஆயிற்று. எப்படி? இரண்டு சர்க்கார்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதற்குக் 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர். ஜப்பானிய வியாபாரி போகலாம், மாணவன் போகலாம். கூலி வேலைக்குப் புதிதாக யாரும் போகக்கூடாது, அவனுக்கு ஜப்பான் சர்க்காரே பாஸ்போர்ட் தராது. இரண்டு நாட்டுக் கனவான்களும் சேர்ந்து கூலிக்காரனை வெளியே நிறுத்தினார்கள். பெயர் பொருத்தம்தான்!

தோழர்களே, இப்போது கசப்பான ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். இந்தத் துவேஷத்தை முதலாளிகள் மட்டும் வளர்க்கவில்லை. 1905இல் ஜப்பானியரையும் கொரியரையும் விலக்கவேண்டும் என்று சான்பிரான்சிஸ்கோவில் ஒரு லீக் ஏற்பட்டது. அதில் கூடியவர்கள் பெரும்பாலும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள். ஆம், நம்மைப்போலக் கொடி பிடித்தவர்கள்! "இவன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம் சோற்றில் மண் விழுகிறது" என்றார்கள். குறைந்த கூலியை நிர்ணயித்தவன் யார் என்று கேட்கவில்லை. 1907இல் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் மர ஆலைகளில் வேலை செய்த நம் பஞ்சாபிச் சகோதரர்களை வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் அடித்து ஊரைவிட்டே துரத்தியது.

எல்லோரும் அப்படித்தான் இருந்தார்களா? இல்லை. விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும்.

கலிபோர்னியாவில் ஆக்ஸ்னார்டு என்று ஓர் ஊர். சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு விளைகிற பூமி. நெருங்கி முளைத்த பயிரைக் குனிந்தபடியே கலைத்துவிடவேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. அதைச் செய்தவர்கள் ஜப்பானியரும் மெக்சிகோக்காரரும். நடுவில் ஒரு கங்காணிக் கம்பெனி வந்து உட்கார்ந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று இருந்த கூலியைப் பாதிக்கு அறுத்தது. அதிலும் கமிஷன். பணத்துக்குப் பதில் சீட்டு. சீட்டை இன்ன கடையில்தான் மாற்றவேண்டும், அங்கே விலை அதிகம். நம் பண்ணைகளில் நாம் காணாததா?

1903 பிப்ரவரியில் ஜப்பானியரும் மெக்சிகோக்காரரும் ஒரே சங்கம் அமைத்தார்கள். ஒருவன் பாஷை ஒருவனுக்குத் தெரியாது. கூட்டத்தில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். தலைவர் பாபா என்ற ஜப்பானியர், காரியதரிசி லிசாராஸ் என்ற மெக்சிகோக்காரர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பயிர் கலைக்கிற பருவத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பருவம் தப்பினால் பயிர் போச்சு; பண்ணையாருக்கு அது தெரியாதா? துப்பாக்கிச் சூடு நடந்தது. வாஸ்கெஸ் என்ற மெக்சிகோத் தொழிலாளி உயிர் விட்டார். ஆனால் மார்ச் முடிவதற்குள் கங்காணிக் கம்பெனியின் பிடி உடைந்தது. பழைய கூலி திரும்ப வந்தது.

ஜெயித்த சங்கம், அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர மனுப் போட்டது. அதன் தலைவர் காம்பர்ஸ் பதில் எழுதினார்: சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் சீனனையும் ஜப்பானியனையும் அங்கத்தினராக வைக்கக்கூடாது. லிசாராஸ் என்ன செய்தார்? தம் ஆட்களுக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வேண்டாம் என்று மறுத்தார். எங்களோடு பட்டினி கிடந்தவர்களைத் தள்ளிவிட்டு வருகிற அங்கீகாரம் எங்களுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் பதில் போட்டார். அந்தச் சங்கம் அதிக நாள் நிலைக்கவில்லை. காம்பர்ஸ் பெரிய தலைவர், லிசாராஸ் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

கோர்ட்டின் கூத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். பிரஜா உரிமை கேட்டு ஓசாவா என்ற ஜப்பானியர் போனார். "நீ காக்கேசிய இனம் இல்லை, ஆகவே வெள்ளையன் இல்லை" என்று 1922இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மூன்று மாதம் கழித்து பகத்சிங் திண்ட் என்ற நம் நாட்டவர் வழக்கு வந்தது. சாஸ்திரப்படி அவர் காக்கேசிய இனம். "இருக்கலாம், ஆனால் சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை" என்றது அதே கோர்ட்! பிரஜையாக முடியாதவன் நிலம் வாங்கவும் முடியாது. கலிபோர்னியாவில் 1913லேயே அதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19இல் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த பிரஜைகள். தேநீர்த் தோட்டத்து ஹகிவாரா 1925லேயே காலமாகிவிட்டார். அவர் குடும்பத்தாரையும் கிளப்பினார்கள். குடியிருந்த வீட்டை இடித்தார்கள். 'ஜப்பானிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கீழ்நாட்டுத் தேநீர்த் தோட்டம்' என்று பலகை மாட்டினார்கள். குளமும் பாலமும் தேவை. நட்டவன் பேரப்பிள்ளை ஆபத்து!

தேசப் பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள் என்பீர்களா? அப்படியானால் ஹவாயைப் பாருங்கள். குண்டு விழுந்த இடமே அதுதான். அங்கே மூன்றில் ஒருவர் ஜப்பானிய வம்சம். அங்கே சிலரைப் பிடித்தார்களே தவிர மொத்தமாகக் கிளப்பவில்லை. கிளப்பினால் கரும்புத் தோட்டத்தில் யார் வேலை செய்வது? கலிபோர்னியாவிலோ ஜப்பானியன் சொந்தமாகக் காய்கறி பயிரிட்டுப் போட்டிக்கு நின்றான். அவனை விரட்டுவதில் எங்களுக்குச் சுயநலம் உண்டு என்று பெரிய பண்ணைக்காரர் சங்கத்தின் காரியதரிசி பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தார்.

நம் வீட்டுக் குறையையும் மறைக்கக்கூடாது. அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி அந்த நேரத்தில் தன் ஜப்பானிய வம்ச அங்கத்தினர்களைத் தற்காலிகமாக நீக்கிவைத்தது. துறைமுகத் தொழிலாளி தோழர் கார்ல் யோனெடா அவர்களில் ஒருவர். ஜப்பானிய ராணுவ வெறியை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் பிரசாரம் செய்தவர்! அவர் மன்சனார் முகாமுக்குப் போனார். அவருடைய சின்னப் பையனையும் முகாமில் வைக்கவேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரியான மனைவி எலேன், "நானும் வருவேன்" என்று பிடிவாதமாக முள்வேலிக்குள் போனார். கட்சி செய்தது தவறு. தவறு என்றே நாம் சொல்கிறோம்.

இதனால் ஜப்பானிய ஆளும் வர்க்கம் யோக்கியமானது என்று நினைத்துவிடாதீர்கள். 1923இல் தோக்கியோவில் பூகம்பம் வந்தபோது, கொரியர்கள் கிணற்றில் விஷம் போட்டார்கள் என்று புரளி கிளப்பி ஆயிரக்கணக்கான கொரியத் தொழிலாளரைக் கொன்றார்கள். தொழிற்சங்கத் தோழர்களையும் அந்தச் சாக்கில் போலீசும் ராணுவமும் தீர்த்துக்கட்டின. 'ஆசியா ஆசியருக்கே' என்று கோஷம் போட்டுக்கொண்டு வந்த அதே ராணுவம்தான், மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்று ஆயிரமாயிரமாகச் சாகவிட்டது. அங்கே போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு.

1982இல் டிட்ராய்ட் நகரில் கார் ஆலைகளில் ஆட்குறைப்பு. ஜப்பான் காரால்தான் வேலை போயிற்று என்று முதலாளியும் பத்திரிகையும் ஓதிக்கொண்டிருந்த நேரம். வின்சென்ட் சின் என்ற இளைஞரை, கார் ஆலை சூப்பர்வைசர் ஒருவரும் வேலையிழந்த அவருடைய வளர்ப்பு மகனும் துரத்திப் பிடித்தார்கள். மட்டையால் அடித்தே கொன்றார்கள். சின் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சம்! கோர்ட் கொடுத்த தண்டனை ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் காவலும். ஜெயில் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோதும், சீனமுகம், ஜப்பான்முகம், கொரியமுகம் என்று பார்க்காமல் அமெரிக்கத் தெருக்களில் அடித்தார்கள். அடித்தவன் வீட்டுப் பிள்ளை ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

முகாம் விஷயத்தில் அமெரிக்க சர்க்கார் 1988இல் மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, முகாமில் இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடி வாங்கினார்கள்.

சான்பிரான்சிஸ்கோ தோட்டத்துக்கு 1952இல் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். 1986இல் அதன் முன்னால் போகிற சாலைக்கு ஹகிவாரா பெயரைச் சூட்டினார்கள். ஹகிவாரா குடும்பத்தை மட்டும் அங்கே திரும்பக் குடியேற்றவில்லை.