நம்ப மறுத்த நீதிமன்றங்கள்: பாலியல் குற்றம் புரிந்த பெண்களும் சட்டமும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல் ஒரு சிறுவனைக் கடனாளி ஆக்கியது. பெற்றோர் வீட்டில் இல்லாத நேரங்களில் அவனைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருந்த பெண்ணுக்கு வயது 16. அவள் அவனோடு உறவைத் தொடங்கியபோது அவனுக்கு 12. அவள் கருவுற்றபோது 13. அந்த மாநிலச் சட்டப்படி 16 வயது நிரம்பாதவரின் சம்மதம் செல்லாது. எனவே அவன் குற்றத்தால் பாதிக்கப்பட்டவன். ஆனால் அவள்மீதான குற்றச்சாட்டு, ஒரு சிறுவனின் தவறான நடத்தைக்குத் துணைபோனாள் என்ற அளவுக்குச் சுருங்கிப் போனது. பிறந்த குழந்தைக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. கொடுத்த தொகையைத் தகப்பனிடம் வசூலித்துத் தரும்படி அரசே வழக்குப் போட்டது. அவன் சம்மதித்தானா இல்லையா என்பது ஜீவனாம்ச வழக்குக்குப் பொருட்டல்ல, குழந்தையைப் பராமரிக்கும் கடமை அவனுக்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறந்த குழந்தைக்குச் சோறு வேண்டும் என்ற வாதத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வழக்கில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். நீதிமன்றம் ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்தச் சொற்பொழிவின் பொருள் பெண்கள் புரியும் பாலியல் குற்றங்களும் அவற்றை நீதித்துறை கையாளும் விதமும். சங்கடமான பொருள்தான். பேச்சை எடுத்ததுமே, "பார்த்தீர்களா, பெண்களும் அப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் பரப்ப ஒரு கூட்டம் காத்திருக்கும். பெண்ணுரிமைக்குக் குழி பறிக்கும் பேச்சோ இது என்று இன்னொரு தரப்பு ஐயப்படும். முதல் கூட்டத்துக்கு எண்களே பதில். கனடா ஆய்வாளர் பிராங்கா கோர்ட்டோனியும் அவருடைய குழுவினரும் 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காவல்துறைக்கு வந்த பாலியல் குற்றங்களில் பெண்கள் புரிந்தவை 2.2 விழுக்காடு. இந்தக் குற்றத்தைப் புரிகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதில் எந்த நாட்டிலும் மாற்றமில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களையே நேரில் கேட்ட கணக்கெடுப்புகளில் அந்த விகிதம் 11.6 விழுக்காடு. பாதிக்கப்பட்ட ஆண்களில் 40 விழுக்காட்டினர் தங்களுக்குத் தீங்கிழைத்தவர் பெண் என்றார்கள். பாதிக்கப்பட்ட பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 4 விழுக்காடு. இரண்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் காணாமல் போனவர்கள் எங்கே? வீட்டில் சொல்லாமல், சொன்னாலும் காவல் நிலையம் போகாமல், போனாலும் முதல் தகவல் அறிக்கை ஆகாமல், ஆனாலும் தண்டனையில் முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டவர்கள் அவர்கள்.

வழியில் நிறுத்துவது எது என்பதற்கு மேரி கே லெட்டர்னோ வழக்கு நல்ல சாட்சி. சியாட்டில் நகரை ஒட்டிய ஒரு பள்ளியில் ஆசிரியை. மணமானவர், நான்கு குழந்தைகளுக்குத் தாய். தான் இரண்டாம் வகுப்பிலும் பிறகு ஆறாம் வகுப்பிலும் பாடம் நடத்திய மாணவனோடு, அவனுக்கு 12 வயதானபோது உறவைத் தொடங்கினார். 1997-இல் கைதானார், குற்றத்தை ஒப்புக்கொண்டார். குழந்தை வன்புணர்ச்சி என்பதே சட்டம் அதற்கு வைத்த பெயர். விதிக்கப்பட்டது 89 மாதச் சிறை. ஆனால் அதில் ஆறு மாதம் போக மீதி முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. 1998 தொடக்கத்தில் வெளியே வந்தவர், சில வாரங்களுக்குள் அதே சிறுவனோடு ஒரு காருக்குள் பிடிபட்டார். அப்போதுதான் முழுத் தண்டனையும் உயிர்பெற்றது. ஒரு பெண் மறுபடி அதே குற்றத்தைச் செய்து காட்டிய பிறகே நீதிமன்றம் முதல் குற்றத்தை நம்பியது போலிருக்கிறது.

பத்திரிகைகள் அதைக் காதல் கதையாகவே எழுதின. குற்றம் என்றால் காதல் மட்டுமே என்ற பொருளில் தலைப்பிட்ட புத்தகம் ஒன்று 1998-இல் பிரான்சில் வெளிவந்தது. 2004-இல் விடுதலையாகி 2005-இல் அந்த இளைஞரையே அவர் மணந்தபோது தொலைக்காட்சி கேமராக்கள் வரிசைகட்டி நின்றன. இதற்கு நடுவில் நடந்த ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. பள்ளி நிர்வாகமும் காவல்துறையும் தங்கள் பிள்ளையைக் காக்கத் தவறிவிட்டன என்று அவன் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. 2002-இல் நடுவர் குழு அதை நிராகரித்தது. திருமணம் பின்னர் முறிந்தது. 2020-இல் அவர் புற்றுநோயால் இறந்தார்.

புளோரிடாவின் டெப்ரா லஃபேவ் வழக்கில் ஆசிரியைக்கு வயது இருபதுகளில், மாணவனுக்கு 14. இத்தனை அழகான இளம்பெண்ணை மாநிலச் சிறைக்கு அனுப்புவது சிங்கங்களிடம் பச்சை இறைச்சியை எறிவதற்குச் சமம் என்று அவருடைய வழக்கறிஞர் வாதிட்டார். முகவெட்டு தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகலாம் என்று ஓர் ஆண் குற்றவாளிக்காக யாராவது எழுந்து பேசியிருந்தால் நீதிமன்றமே சிரித்திருக்கும். 2005-இல் ஒரு மாவட்டம், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, மூன்றாண்டு வீட்டுக்காவலும் ஏழாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்து முடித்தது. இன்னொரு மாவட்டத்தின் நீதிபதி ஹேல் ஸ்டான்சில் இந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். உடனே அரசுத் தரப்பு வழக்கையே திரும்பப் பெற்றது. சாட்சிக்கூண்டில் நின்று ஊடகங்களுக்குத் தீனியாக மகன் ஆகிவிடக் கூடாது என்று தாய் கேட்டுக்கொண்டதே காரணம். அந்தத் தாயைக் குறை சொல்ல வழியில்லை. சாட்சி சொல்வதையே இன்னொரு தண்டனையாக்கிவிட்ட அமைப்பைத்தான் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆய்வுலகமே ஒரு காலத்தில் 'ஆசிரியை/காதலி' என்று பெயரிட்டிருந்தது. 1989-இல் அமெரிக்காவில் 16 பெண்களை ஆராய்ந்து உருவான வகைப்பாடு அது. ஆணின் வற்புறுத்தலுக்கு உட்பட்டவள், தன் சிறுவயதில் தானே சிதைக்கப்பட்டவள் என்பவை மற்ற இரண்டு வகைகள். சிகிச்சைக்கு உதவட்டும் என்று வைத்த பெயர்கள் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் பாதி மன்னிப்பாக மாறிவிட்டன. பெண் என்றால் ஒன்று காதலில் விழுந்திருப்பாள், இல்லையென்றால் பின்னால் ஓர் ஆண் நின்றிருப்பான் என்ற எண்ணம் ஊறிப்போனது.

பிளிமத் நகர வழக்கு அந்த எண்ணத்தில் விழுந்த அடி. இங்கிலாந்தின் அந்த ஊரில் மழலையர் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்த வனெஸா ஜார்ஜ், தன் பொறுப்பில் இருந்த குழந்தைகளுக்குத் தீங்கிழைத்து, அதைக் கைப்பேசியில் படமெடுத்து, கொலின் பிளான்சார்ட் என்பவனுக்கும் ஏஞ்சலா ஆலன் என்ற பெண்ணுக்கும் அனுப்பினார். மூவரும் இணையத்தில் பழகியவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாக நேரில் பார்த்தது குற்றவாளிக் கூண்டில்தான். அடித்து மிரட்டிய கணவன் என்றோ பிடியில் வைத்திருந்த காதலன் என்றோ காட்ட அங்கே யாரும் இல்லை. 2009 டிசம்பரில் ஜார்ஜுக்குக் காலவரையற்ற சிறை, குறைந்தது ஏழாண்டு என்று தீர்ப்பானது. எந்தெந்தக் குழந்தைகள் என்று சொல்ல அவர் கடைசிவரை மறுத்துவிட்டதால், அந்தக் காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் எவருக்கும் நிம்மதி இல்லாமல் போனது. 2019-இல் அவர் விடுதலையானார். தீர்ப்புக்குப் பின் வெளியான மறுஆய்வு, உடன் வேலை செய்தவர்களுக்கு அவர் பேச்சும் போக்கும் உறுத்தியிருந்தன, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை என்று பதிவு செய்தது. ஒரு தாய், அதுவும் எல்லோருக்கும் வேண்டியவர்; யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

பூட்டிய கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க நீதித்துறைப் புள்ளியியல் அலுவலகம் 2008-09-இல் சிறார் காப்பகங்களில், நம் ஊர் வழக்கில் கூர்நோக்கு இல்லங்களில், ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அடைபட்டிருந்த இளையோரில் சுமார் 10 விழுக்காட்டினர் ஊழியரிடம் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குறிப்பிட்டது பெண் ஊழியர்களை. அடைபட்டவர்களில் பெரும்பாலோர் பையன்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்படியிருந்தும், ஆண் காவலரை மாற்றிப் பெண்ணை நியமித்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நிர்வாகக் கணக்கை இந்த எண் கவிழ்த்துவிடுகிறது. சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

சாவியை வைத்திருந்தவரை ஒரு சமூகமே காப்பாற்ற முனைந்தால் என்ன ஆகும் என்பதை மால்கா லைஃபர் வழக்கு காட்டியது. மெல்போர்ன் நகரின் அதிதீவிர யூத மரபுப் பிரிவினர் நடத்திய அடாஸ் இஸ்ரேல் பள்ளியின் தலைமையாசிரியை அவர். வெளியுலகச் செய்தியோ பாலியல் பற்றிய அறிவோ எட்டாமல் வளர்க்கப்பட்ட சிறுமிகளுக்கு ஆசிரியை மட்டுமல்ல, சமய வழிகாட்டியும் அவரே. 2008 மார்ச்சில் புகார் எழுந்தது. நிர்வாகம் காவல்துறையைக் கூப்பிடவில்லை. சில மணி நேரத்துக்குள் லைஃபர் இஸ்ரேலுக்கு விமானம் ஏறிவிட்டார். 2015-இல் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 12 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டபோது பள்ளியின் பொறுப்பையும் சேர்த்தே சொன்னது.

அவரைத் திரும்பக் கொண்டுவருவது தனிக் கதை. மனநோயாளி, விசாரணையைத் தாங்க மாட்டார் என்ற சான்றுகளின் பேரில் 2016-இல் இஸ்ரேல் நீதிமன்றம் நாடுகடத்தும் நடவடிக்கையை நிறுத்தியது. தனியார் துப்பறிவாளர்கள் அவரைப் பின்தொடர்ந்து, கடை கண்ணிக்குப் போய்ச் சாதாரணமாக நடமாடுவதைப் படமெடுத்தார்கள். 2018-இல் மறுபடி கைது. இஸ்ரேல் நீதிமன்றங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட அமர்வுகள். அவருக்காக மனநல மருத்துவர்களுக்கு அழுத்தம் கொடுத்த குற்றச்சாட்டில் யாக்கோவ் லிட்ஸ்மன் என்ற முன்னாள் அமைச்சர் 2022-இல் நம்பிக்கை மோசடியை ஒப்புக்கொண்டு 3,000 ஷெக்கல் அபராதத்தோடு தப்பினார். 2021 ஜனவரியில் மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்ட லைஃபர், 2023 ஏப்ரலில் இரண்டு சகோதரிகள் தொடர்பான 18 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆகஸ்டில் 15 ஆண்டுச் சிறை. புகாருக்கும் தண்டனைக்கும் இடையே 15 ஆண்டுகள். அந்த நாடுகடத்தல் நடந்ததற்கு முதல் காரணம் எந்த அரசாங்கமும் அல்ல. தங்கள் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்தி, இரண்டு நாடுகளின் அரசியல்வாதிகளையும் விடாமல் துரத்திய பாதிக்கப்பட்ட பெண்கள்தான்.

இந்தியாவுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் விளையாட்டுப் போட்டி முடிந்து திரும்பிய பெண்ணை, உன் அப்பா அனுப்பினார் என்று பொய் சொல்லி ஒருவன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். வன்கொடுமை நடந்துகொண்டிருக்கும்போது அவன் மனைவி வந்தாள். காப்பாற்றும்படி கெஞ்சிய பெண்ணை அறைந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள் என்பது அரசுத் தரப்பு. அவள்மீது கூட்டு வன்புணர்ச்சிக் குற்றம் சாட்ட முடியுமா? முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் பிரியா படேல் வழக்கில் சொன்னது. பெண்ணுக்கு வன்புணரும் நோக்கமே இருக்க முடியாது, எனவே பொது நோக்கமும் இருக்க முடியாது என்பது தர்க்கம். உடந்தைக் குற்றம் பொருந்துமா என்பதை அது தீர்மானிக்காமல் விட்டது. சாத்திய கதவு அந்தத் தர்க்கத்துக்குள் வரவேயில்லை.

2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம் இந்தக் குற்றத்தை இருபாலருக்கும் பொதுவாக்கியது. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மார்ச்சில் நிறைவேறிய சட்டம் குற்றவாளி ஆண் என்ற பழைய நிலைக்கே திரும்பியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அங்கேயே நிற்கிறது. அமைப்புகளின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. புகார் கொடுக்கும் பெண்மீதே எதிர்ப்புகார் போடுவது நம் காவல் நிலையங்களில் பழகிப்போன தந்திரம். வயது வந்தோர் விஷயத்தில் அந்த வாதத்துக்கு எடை உண்டு. குழந்தைகள் விஷயத்தில் துளியும் இல்லை. எட்டு வயதுப் பையன் யார்மீதும் எதிர்ப்புகார் போடப் போவதில்லை.

அந்தப் பையன்கள் எத்தனை பேர் என்பதும் தெரியாத சங்கதி அல்ல. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோவொரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளான குழந்தைகளில் சரிபாதிக்கு மேல், 52.94 விழுக்காடு, ஆண்பிள்ளைகள். 2012-இல் வந்த போக்சோ சட்டம் அதனால்தான் 'குழந்தை' என்று மட்டும் சொல்லிப் பையனையும் பெண்ணையும் ஒன்றாகக் காத்தது. குற்றவாளியை 'நபர்' என்றது. இருந்தும், ஆங்கில மூலத்தில் அடுத்த வரியிலேயே வரும் 'அவன்' என்ற சுட்டுப்பெயரைப் பிடித்துக்கொண்டு, சில பிரிவுகள் பெண்ணுக்குப் பொருந்தா என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி அதை ஏற்கவில்லை. ஊடுருவல் குற்றத்துக்குப் பெண்ணும் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். ஓராண்டு கழித்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில், 13 வயதுச் சிறுவன் தொடர்பான வழக்கை ரத்து செய்யக் கோரிய ஒரு பெண்ணின் தரப்பு, உறவில் பெண் செயலற்றவளே என்று வாதிட்டது. இது காலாவதியான எண்ணம் என்று நீதிபதி நாகபிரசன்னா தள்ளிவிட்டார்.

இனி சிக்கல் தண்டனையில். தண்டனை பெற்ற பெண்களில் மறுபடி பாலியல் குற்றம் புரிந்தவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2,490 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் தொகுப்பு 2010-இல் காட்டியது. ஆண்களுக்கு அது பல மடங்கு. ஆண்களை வைத்து உருவான ஆபத்து மதிப்பீட்டு அளவுகோல்கள் இவர்களுக்குப் பொருந்தாது; தனிச் சிகிச்சை முறை வேண்டும். நம் சட்டமோ 2019 திருத்தத்துக்குப் பிறகு, கல்வி நிறுவன ஊழியர் புரியும் ஊடுருவல் குற்றத்துக்குக் குறைந்தது 20 ஆண்டு என்று நிர்ணயித்துவிட்டது. ஆறு மாதத்தோடு அனுப்பிவைக்கும் வழி இங்கே இல்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஓர் ஆசிரியைக்கு அந்த 20 ஆண்டை எழுதக் கை தயங்கும் நீதிபதிக்கு மிஞ்சியிருப்பவை இரண்டே: குற்றத்தைச் சிறிய பிரிவுக்கு இறக்குவது, அல்லது ஐயத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்வது.