பொதுச் சேமிப்பகத்தில் தமிழ்ப் பெயர்கள்



பெரிய தமிழ்த் தரவுத் தொகுப்புகள் இன்று ஒற்றைக் கணினியில் அடங்குவதில்லை. பல வழங்கிகள் சேர்ந்த கொத்தொன்றில், அவை யாவும் எழுதவும் படிக்கவும் கூடிய பொதுச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. இரு வழங்கிகள் ஒரே கோப்பில் ஒருங்கே எழுதினால் அது சிதையும். ஆதலால் ஜி.எஃப்.எஸ்.2 போன்ற கொத்துக் கோப்பு முறைமைகள் பூட்டுகளைக் கையாள்கின்றன. மறுமொழி தராத வழங்கியின் மின்சாரத்தையோ சேமிப்பக இணைப்பையோ துண்டித்த பின்னரே மற்றவை பணியைத் தொடரும். செத்ததாக எண்ணியது உயிரோடிருந்து எழுதிவிடக் கூடாதல்லவா? 'ஃபென்சிங்' எனப்படும் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வேலியிடல்' ஆகும். வேலியோ பயிரைச் சுற்றி இடுவது. ஊரார் ஒருவரை விலக்கிவைப்பதையே இச்செயல் ஒத்திருத்தலின், 'விலக்கிவைத்தல்' என்பதே நம் தெரிவு.

பூட்டுகளை முறைமையே பார்த்துக்கொள்ளும். பெயர்களை நாமே பார்க்க வேண்டும்.

'சொல்லகராதி' என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுகின்றோம். 'சொ' இலக்கணத்தில் ஓரெழுத்து. ஒருங்குறியிலோ அதனை இருவகையில் எழுதலாம்: சகரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், அல்லது சகரம், கொம்பு, கால் என மூன்று. திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ஆயினும் ஜி.எஃப்.எஸ்.2 பெயர்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடுவதால், அவை இரு வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே பதிந்தது. அங்கிருந்து வந்த கோப்பை லினக்ஸ் வழங்கியில் இணைந்த வடிவில் தேடினால் 'இல்லை' என்றே விடை வரும். மாணவர் புதிதாக ஒன்றை உருவாக்குவார். அன்றுமுதல் திருத்தங்கள் இரண்டாகப் பிரியும். ஒரு பருவம் உழைத்துச் சேர்த்த சொற்களில் பாதி எங்கே என்பது எவருக்கும் விளங்காது.

நீளத்திலும் சிக்கல் உண்டு. பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ஆக 85 குறியீடுகள். 'க்', 'கி' போல்வன இரண்டிரண்டு குறியீடுகள் ஆதலின், அத்தகைய எழுத்துகள் 42 மட்டுமே கொள்ளும். நூலின் முழுத்தலைப்பையும் பெயராக இடும் நம் வழக்கம் இங்கு உதவாது.

கோப்புகளை ஏற்றுமுன் பெயர்களையெல்லாம் இணைந்த வடிவுக்குக் கொணர்க. பழைய தொகுப்பாயின் முதலில் பட்டியல் மட்டும் எடுத்துப் பார்க்க. மாற்றத்தின்பின் இரு பெயர்கள் ஒன்றாகுமாயின், ஒரு கோப்பின்மேல் மற்றொன்று எழுதப்பட்டு அழியும். அவ்விரண்டையும் திறந்து ஒப்பிட்டு, எதில் எவருடைய திருத்தம் உள்ளதெனக் கண்டு ஒன்றாக்கிய பின்னரே பெயரை மாற்றுதல் வேண்டும்.