காலிலே நோவு, காரணம் ஆசனத்திலே

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உயர்ந்த பொருள்களையே எடுத்துப் பேசுவார்கள். நானோ இன்று ஓர் ஆசனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசர் அமரும் சிங்காசனமன்று. வாகனச் சாரதி அமரும் ஆசனம். சிரிக்க வேண்டாம். இத் துறைமுகப் பட்டினத்திலே எத்தனை வீட்டு அடுப்புகள் அந்த ஆசனத்தை நம்பி எரிகின்றன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சீனக்குடாவிலிருந்து எண்ணெய் ஏற்றிச் செல்லும் பவுசர்கள், மாவும் சீமெந்தும் ஏற்றும் லொறிகள், சந்திக்குச் சந்தி நிற்கும் முச்சக்கர வண்டிகள், கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் ஓடும் வாடகை வான்கள் ஆகிய அத்தனையிலும் ஒரு மனிதர் நாள் முழுவதும் இருந்த இடத்திலே இருக்கிறார். அவருடைய நாரியும் காலும் என்ன பாடு படுகின்றன என்பதே என் பேச்சின் பொருள்.

என் பெரியம்மாவின் மகன் வாடகை வான் ஓட்டுகிறவர். அவருடைய பெயர் வேண்டாம். அண்ணா என்றே சொல்லுகிறேன். அவர் வானுக்கு ஓர் அலங்காரம் செய்ய விரும்பினார். பழைய 'ஸ்போர்ட்ஸ்' காரொன்றிலிருந்து கழற்றிய சிவப்பு ஆசனமொன்றை விலைக்கு வாங்கி, வானிலிருந்த ஆசனத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதனைப் பூட்டினார். நம் இளைஞர்கள் 'பக்கற் சீற்' என்று சொல்வது இதைத்தான். வாளிபோலக் குழிந்து, இரு பக்கமும் அணைபோல உயர்ந்து, ஆளை இறுகப் பிடித்துக்கொள்ளும். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பழைய ஆசனம் கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. அதிலே பெரியம்மாவின் கோழி முட்டையிட்டது.

மூன்று மாதஞ் செல்லுமுன் அண்ணாவுக்கு இடது பிட்டத்திலே ஒரு குத்து. பிறகு அது தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே பாதம்வரை மின்சாரம்போல் ஓடத் தொடங்கிற்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வானுக்கு மாதாமாதம் தவணைப் பணம் கட்ட வேண்டும்; 'ஏலாது' என்றால் ஹயர் வேறொருவருக்குப் போய்விடும். காலுக்கு எண்ணெய் பூசினார், பிளாஸ்ரர் ஒட்டினார், கன்னியா வெந்நீரூற்றிலே ஏழு கிணற்று நீரையும் அள்ளி அள்ளி வார்த்தார். வார்த்த அன்று சுகம். மறுநாள் வானில் ஏறினால் மீண்டும் நோவு.

ஒருநாள் இரவு, கட்டுநாயக்காவிலிருந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது, கந்தளாய்க்கு அண்மையில் அவருடைய இடது பாதம் மரத்துப் போயிற்று. கிளச்சின்மீது கால் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லையாம். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பின்னாலே மடியில் குழந்தையோடு நித்திரையாயிருந்த ஒரு தாயைத் திரும்பிப் பார்த்தாராம். 'அண்டைக்குத்தான்ரா தம்பி நான் பயந்தனான்' என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் வைத்தியரிடம் போனார். அந்த வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, 'எங்கே நோகிறது?' என்பதன்று. 'தம்பி, நீர் எப்படி இருந்து வான் ஓட்டுகிறீர்? இந்தக் கதிரையில் இருந்து காட்டும் பார்ப்பம்' என்றார். அந்த ஒரு கேள்வியிலேதான் இந்தப் பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அன்பர்களே, 'எய்தவனிருக்க அம்பை நோவானேன்' என்று நம்மவர் சொல்லுவர். இந்த நோயிலே கால் வெறும் அம்பு. எய்தவன் இருப்பது நாரியில். நம் உடம்பிலே மிகத் தடித்த நரம்பு சயாற்றிக் நரம்பு. பெருவிரற் பருமன் கொண்ட அது நாரியின் அடியில் முள்ளந்தண்டிலிருந்து பல வேர்களாகப் புறப்பட்டு, ஒன்றுகூடி, பிட்டத்துத் தசைகளின் கீழாகச் சென்று, தொடையின் பின்புறத்தே இறங்கி, கிளைகளாய்ப் பிரிந்து பாதம்வரை போகிறது. இதனை வேரிலே நெருக்கினாலும், பிட்டத்திலே அழுத்தினாலும், நோவு என்னவோ காலிலேதான் தெரியும். நரம்பால் வரும் இந்த நோவை மூட்டு நோவிலிருந்து பிரித்துக் காட்டியவர் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொட்டூனியோ, ஆண்டு 1764. நம் நாட்டு ஆயுள்வேதத்தார் இதனைக் கிருத்திரசி என்பர். நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது.

நரம்பை நெருக்குவது யாது? முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே வட்டுகள் உள்ளன. வெளியே உறுதியான நார் வளையம்; உள்ளே களிபோன்ற பொருள். வளையம் கிழிந்து உள்ளிருப்பது பின்புறமாகப் பிதுங்கினால் நரம்பின் வேரிலே முட்டும். பெரும்பாலான சயாற்றிக்காவுக்கு இதுவே காரணம் என்பதை 1934இல் பொஸ்ரன் நகரத்து மிக்ஸ்ரர், பார் என்னும் இரு வைத்தியர்கள் உலகுக்கு எடுத்துக் காட்டினர். சுவீடன் தேசத்து நாக்கெம்சன் என்பவர் 1960களில் உயிருள்ள மனிதரின் வட்டிலே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தைவிடச் சாய்மானமின்றிக் கூனி இருக்கும்போது அழுத்தம் கூடிற்று! இருப்பது ஓய்வு என்று நாம் எண்ணுகிறோம். நம் வட்டு அப்படி எண்ணவில்லை.

இனி அந்தச் சிவப்பு ஆசனத்துக்கு வருவோம். அது தாழ்ந்தது, ஆகவே கால்கள் முன்னே நீளுகின்றன. கால் நீண்டால் தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னே இழுக்கும். நாரியின் இயற்கையான வளைவு அழிந்து முதுகு கூனும். கூனினால் வட்டு முன்புறம் நசுங்கிப் பின்புறம் தள்ளும். பக்கத்து அணைகள் தொடையையும் இடுப்பையும் நெரித்து, ஆளை அசையவிடா. போதாக்குறைக்கு மெத்தை மெல்லியது. வீதியின் அதிர்வெல்லாம் முதுகிலே ஏறும். இருக்கும் மனிதனின் முள்ளந்தண்டு விநாடிக்கு 4 முதல் 6 தடவை வரையான அதிர்விலேதான் அதிகமாக ஆடுகிறது. ஓடும் வாகனங்கள் பெரும்பாலும் எழுப்புவதும் அத்தகைய அதிர்வையே.

இன்னொன்றையும் கவனியுங்கள். சயாற்றிக்கா உண்டா என்று சோதிக்கும் வைத்தியர், நோயாளியைக் கூனி இருக்கச் செய்து, முழங்காலை நிமிர்த்திக் காலை நீட்டிப் பார்ப்பார். அப்போது நரம்பு இழுபடும். நோயிருந்தால் நோவு பாயும். வைத்தியர் ஒரு நிமிடம் செய்யும் அந்தச் சோதனையைச் சிவப்பு ஆசனம் கொழும்புவரை 260 கிலோமீற்றர் தூரத்துக்குச் செய்துகொண்டே போகிறது!

பந்தயக்காரர்களாவது இத்தகைய ஆசனத்தில் சுகமாய் இருக்கிறார்களா? 2022ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி அசர்பைஜான் நாட்டின் பாக்கு நகரிலே நடந்த போர்முலா 1 பந்தயத்தின் முடிவில், ஏழு முறை உலக வீரரான லூயிஸ் ஹமில்ரன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்க முடியாமல் இறங்கியதை உலகமே கண்டது. அவ்வாண்டுக் கார்கள் நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்தவை. வேகத்திலே ஓங்கில் மீன்போலத் துள்ளின. ஓட்டியின் உடம்பை அச்செடுத்து அவருக்கென்றே வார்த்த ஆசனமும் அவரைக் காக்கவில்லை. பிறகு துள்ளலுக்கு ஓர் எல்லை வைத்து விதி செய்தார்கள். அவர்களுடைய பந்தயம் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். அண்ணாவின் ஹயர் ஆறு, ஏழு மணித்தியாலம். பந்தய ஆசனம் வளைவுகளிலே ஆளைச் சரியாமல் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானைக்கு வழிவிட்டுப் போகிறவருக்கு அந்தப் பிடி எதற்கு?

ஆசனந்தான் குற்றவாளி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. நெடுநேரம் அசையாதிருத்தலும் கூட்டுக் குற்றவாளி. வேலை நேரத்திற் பாதிக்கு மேல் வாகனம் ஓட்டும் ஆண்களுக்கு வட்டுப் பிதுங்கும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 1975இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. ஆகவே நல்ல ஆசனத்தில் இருப்பவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய சில உண்டு.

முதலாவது, பின் சட்டைப்பையிலுள்ள பேர்ஸை எடுத்து முன்னே வையுங்கள். அது நரம்பின்மேல் வைத்த கல். இரண்டாவது, கிளச்சை முழுதும் மிதித்த பிறகும் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி ஆசனத்தை முன்னே தள்ளுங்கள். முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்திருக்கலாகாது. தாழ்ந்திருந்தால் பின்புறம் தடித்த மெத்தையொன்றை இடுங்கள். மூன்றாவது, சாய்மானத்தை நேர்நிலையிலிருந்து சற்றே பின்னே சரித்து, ஒரு துவாயைச் சுருட்டி இடுப்புப்பட்டியின் உயரத்தில் நாரிக்கு அண்டை கொடுங்கள். சரிந்த சாய்மானமும் நாரியணையும் வட்டின் அழுத்தத்தைக் குறைப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 1974இல் அளந்தே காட்டினர். நான்காவது, மணிக்கொரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடவுங்கள். இரு கைகளையும் நாரியில் ஊன்றி மெல்லப் பின்னே வளையுங்கள். ஐந்தாவது, நெடுந்தூரம் ஓடி இறங்கியவுடன் பயணியின் பெட்டியைத் தூக்காதீர்கள். இருந்து இருந்து தளர்ந்த வட்டு அப்போதுதான் எளிதிற் கெடும். சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

நோவு வந்துவிட்டால் பாயிலே விழுந்து கிடக்க வேண்டுமா? வேண்டாம். படுத்தே கிடந்தவர்கள் இயன்றவரை நடமாடியவர்களைவிட விரைவிலே குணமாகவில்லை என்பது 1999இல் ஒல்லாந்து ஆய்வொன்றிலே தெரிந்தது. பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சையின்றியே சில வாரங்களில் நோவு தணியும். வெந்நீர் ஒத்தடம் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆகையால் கன்னியாவுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து அதே ஆசனத்தில் அப்படியே இருந்தால் பயன் என்ன?

பயிற்சியைப் பற்றி ஒரு சிறு வரலாறு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்ரன் நகரில் மக்கென்சி என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஒரு கால்நோயாளி வந்தார். தலைமாடு உயர்ந்திருந்த மேசையிலே அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னே வளைந்தபடி ஐந்து நிமிடம். சிகிச்சையாளர் பதறி ஓடிவந்தால், நோயாளியோ காலில் நோவில்லை என்றார்! அதிலிருந்து பிறந்த ஒரு குறிப்பு நினைவில் வைக்கத்தக்கது. பயிற்சியின்போது நோவு பாதத்திலிருந்து நாரியை நோக்கி மேலேறிச் சுருங்கினால் நல்லது. கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். எந்தப் பயிற்சியையும் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிக்கொண்டே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் உரத்துச் சொல்ல விரும்புகிறேன். இரு தொடைகளின் இடுக்கிலும் மலவாயைச் சுற்றியும் உணர்ச்சி மரத்தால், சிறுநீர் கழிக்க முடியாமற் போனால் அல்லது அடக்க முடியாமற் போனால், பாதம் தொங்கிப் போனால், இரு காலிலும் பலம் குன்றினால், எண்ணெயும் வேண்டாம், கன்னியாவும் வேண்டாம். அன்றைக்கே, அந்த மணியிலேயே வைத்தியசாலைக்குப் போங்கள். வெட்கப்பட்டு ஒருநாள் பிந்தினால், வாழ்நாள் முழுவதும் மீளாத ஊனமாகலாம்.

அண்ணாவின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வைத்தியர் சொல்லிய அன்று மாலையே கோழியை எழுப்பிவிட்டுப் பழைய ஆசனத்தைக் கழுவினார். வெயிலில் உலர்த்தித் திரும்பப் பூட்டினார். ஆறு வாரம் கிட்டிய ஓட்டங்கள் மட்டும் ஓடினார். அந்த மாதத் தவணைக்குப் பெரியம்மாவின் காப்பு அடகுக்குப் போனது உண்மை. இன்று அவர் மீண்டும் கொழும்புக்கு ஓடுகிறார். கந்தளாய்க் குளக்கட்டிலும் ஹபரணையிலும் தம்புள்ளையிலும் குருநாகலிலும் இறங்கி நடக்கிறார். காப்பும் திரும்பிவிட்டது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நோவை மறைப்பது ஆண்மையென்று எண்ணும் அண்ணன்மார் நம்மிடையே இன்னும் பலர் உளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வைத்தியரை அழைத்துக்கொண்டு நாம் முச்சக்கர வண்டித் தரிப்பிடங்களுக்குப் போவோம். ஆளுக்கொரு துவாயைச் சுருட்டி நாரிக்கு வைத்துக் காட்டுவோம். 'அண்ணை, எப்படி இருந்து ஓட்டுறீங்கள்?' என்று கேட்போம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அரை நாள் போதும். அந்த அரை நாளை இன்றைக்கே குறித்துக்கொள்ளும்படி கேட்டு அமர்கிறேன். எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கலாம் என்பதுதான் இப்போது உங்களுக்கே தெரியுமே!