மலைநாட்டு ஈரமும் கைத்துப்பாக்கித் தோட்டாவும்

கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றியே பேசுவர். அதன் உருளைக்குள் கிடக்கும் தோட்டாவைக் குறித்து எண்ணுவோர் மிகச் சிலர். ஆறு தோட்டா கொள்ளும் சுழல் துப்பாக்கி ஒருமுறை வாங்கினால் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். தோட்டாவோ ஒரே ஒருமுறை வேலை செய்யும் பொருள். அந்த ஒருமுறையும் அது தவறிவிட்டால், கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டரை இறாத்தல் இரும்பன்றி வேறன்று.

இலங்கையின் தேயிலை மலைகளில் இக்கைத்துப்பாக்கி பழைய விருந்தாளி. ஆங்கிலத் துரைமாரைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையைச் சேர்ந்தோர் தென்னாபிரிக்காவிலும், 1915இல் கலிப்பொலியிலும் பணியாற்றினர். பேர்மிங்காம் நகரில் செய்யப்பட்ட வெப்லி சுழல் துப்பாக்கி அக்காலப் படை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய கருவி. போர் முடிந்து மலைக்குத் திரும்பியவனின் பங்களா மேசை அறைக்குள் அதுவும் வந்து அமர்ந்துகொண்டது. சம்பளப் பணம் கொண்டுவரும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் அதனோடு தோட்டாக்களும் உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கத்திலேதான் கேடு விளைகின்றது.

நுவரெலியா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலும், ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கினால் ஹட்டன் பக்கத்தில் சப்பாத்தின் உட்புறமும் பூஞ்சணம் பிடிக்கும். பங்களாவில் அடுப்பு மூட்டிய மாலையில் அறை சூடாகும். விடியற்காலையில் குளிர்ந்து நீர் துளிர்க்கும். இந்தச் சூடும் குளிரும் மாறிமாறி வருவதே வெடிமருந்துக்குப் பகை. துப்பாக்கியையும் தோட்டாவையும் தோலுறையிலும் தோற்கச்சையிலும் வைப்பது அழகாகத் தோன்றும்; ஆனால் தோலைப் பதனிட்ட புளிப்புச் சத்து பித்தளையை அரித்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். களிம்பேறிய தோட்டா உருளையின் அறைக்குள் முழுதாக இறங்காது. வெடித்தபின் எளிதில் வெளியே வராது. எண்ணெய் பூசிக் காப்போம் என்பாரும் உளர். அது இன்னும் பிழை. எண்ணெய் மெல்ல மெல்லக் கேப்பினுள் கசிந்து, தீப்பொறி தரும் கலவையைச் செயலற்றதாக்கிவிடும்.

பித்தளையின் வேறொரு நோயை இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் கண்டனர். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலே வெடிப்புக் கண்டன. பருவத்தோடு வந்ததால் இதனைப் பருவ வெடிப்பு என்றனர். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஆவியே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும், ஈரமும், அமோனியாவும் ஒன்றுகூடும்போது உலோகம் பிளக்கின்றது. கூட்டை மிதமாகச் சுடவைத்து அவ்விசையைத் தளர்த்துவதே மருந்து என்றும் அறிந்தனர். மாட்டுப்பட்டியை ஒட்டிய களஞ்சிய அறையில் தோட்டாப் பெட்டியை வைக்கும் தோட்டத்தார்க்கு இச்செய்தி வெறும் வரலாறு அன்று. காற்றுப் புகாத தகரப்பெட்டி, உலர்ந்த அலமாரி, பூட்டு ஆகிய இம்மூன்றும் போதும்.

இனி, தெரிவு. முதலில் பார்க்கவேண்டியது பெயர்க் குழப்பம். ‘முப்பத்தெட்டு’ என்று கடைக்காரர் கூறும் எல்லாமும் ஒன்றல்ல. 1930களில் ஆங்கிலப் படை ஏற்ற 38 அளவுத் தோட்டாவும், அமெரிக்காவின் 38 ஸ்பெஷலும் வேறு வேறு. பின்னது நீளமானது, அழுத்தமும் மிகுந்தது. அதனினும் ஆபத்தானது, 455 அளவு வெப்லியின் உருளையைப் பின்புறம் அரைத்து, அமெரிக்க 45 தானியங்கித் தோட்டாவை இடுவது. அத்தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்க அப்பழைய உருளை செய்யப்படவில்லை. துப்பாக்கியின் மீது பொறித்ததும் தோட்டாவின் அடியில் பொறித்ததும் ஒத்திருக்கவேண்டும். ஐயமிருப்பின் துப்பாக்கித் தொழில் அறிந்தவரிடம் காட்டவேண்டும். மலிவுக்காகப் பழைய போர்க்காலச் சரக்கைத் தேடுவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. பழைய கேப்புகளில் உள்ள உப்பு, சுட்டபின் குழலில் தங்கி ஈரத்தை உறிஞ்சும். நுவரெலியாப் பனியில் ஓரிரவுக்குள் துரு ஏறிவிடும். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடவேண்டும்.

சோதிப்பது எவ்வாறு? ஒரே தொகுதி எண்ணுடைய இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றை அங்கீகாரம் பெற்ற சுடுகளத்தில் சுட்டுத் தீர்ப்பதே நேர்மையான சோதனை. செலவு என்று தயங்குவோர் துப்பாக்கியே வைத்திராதிருப்பது மேல். சுடுமுன் ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். நசுங்கிய கூடு, மேலெழுந்து நிற்கும் கேப்பு, தளர்ந்த குண்டு ஆகியவற்றை விலக்கவேண்டும். உருளையில் ஆறையும் இட்டுக் கையால் சுழற்றினால் எங்கும் உராயலாகாது. ஐந்தைச் சுட்டபின் ஆறாவதை எடுத்துப் பார்ப்பது பலர் அறியாத முறை. அதிர்ச்சியால் அதன் குண்டு முன்னே நகர்ந்திருந்தால், அத்தொகுதி முழுதும் நம்பத்தகாதது; நகர்ந்த குண்டு வெளியே நீண்டு உருளையைச் சுழலவிடாமற் பூட்டிவிடும். குதிரை விழுந்தும் வெடிக்காவிடில், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடம் காத்திருக்கவேண்டும். சில வேளை மருந்து தாமதமாகப் பற்றும். பின்னர் அக்கேப்பை ஆராய்ந்தால் உண்மை புலப்படும்: ஆழ்ந்த குழி விழுந்திருந்தால் குற்றம் தோட்டாவினது; மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியின் வில் தளர்ந்துள்ளது. வழக்கத்தினும் மெலிந்த ஓசை கேட்டால் உடனே நிறுத்தித் தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துக் குழலை நோக்கவேண்டும். உள்ளே தங்கிய குண்டின் பின்னே இன்னொன்றைச் சுட்டால் குழலே பிளக்கும்.

சிறந்த குண்டு எது என்ற கேள்வி சென்ற நூற்றாண்டுக்கு முன்பே பேரரசுகளைக் கலக்கியது. 1898இல் வெப்லிக்கென முனையில் குழிவுள்ள ஈயக்குண்டு ஒன்றை ஆங்கிலேயர் இயற்றினர். உடலில் பட்டதும் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கும் ஹேக் பிரகடனம் 1899இல் எழுந்தது. அடுத்த ஆண்டே அக்குண்டு படையிலிருந்து நீக்கப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையின் பெயர் அத்தகைய குண்டுகளுக்கே பெயராயிற்று. பிரகடனம் போர்க்களத்தை மட்டும் நோக்கியது என்பதைக் கவனிக்கவேண்டும். குடியேற்ற நாடுகளின் உள்நாட்டுக் காவலைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

மலைநாட்டுத் தொழிலாளர் துப்பாக்கியை அறிந்தது அதன் மறுமுனையிலிருந்தே. 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு அமர்ந்தது, அறிக்கையும் வந்தது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப்பறிப்பை எதிர்த்து நின்றோர் மீது சுடப்பட்டபோது சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். லயத்தில் இவ்விரு பெயர்களும் இன்றும் மறக்கப்படவில்லை. அங்கே தோட்டாக்கள் தவறவில்லை. துப்பாக்கியை வைத்திருப்பவன் தன் தோட்டாவின் நம்பகத்தைச் சோதிக்கும்போது, தன் கோபத்தின் நம்பகத்தையும் சோதித்துக்கொள்ளுதல் தகும் என்பது தோட்டத்து முதியோர் கூற்றாக இருந்தால் வியப்பில்லை.

இந்நாளில் தனியார் சுழல் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இன்றியமையாதது. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்னும் நடைமுறையில் உள்ளது. பழைய பங்களாக்களைத் துப்புரவு செய்வோர் கைக்கு இன்றும் களிம்பேறிய ரவைகள் அகப்படுவதுண்டு. அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும், கிணற்றில் எறிவதும், தொழிற்சாலை அடுப்பில் இடுவதும் பேதைமை. சிறுவர் கைக்கு எட்டாமல் வைத்து, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்திற்கு அறிவித்து, அங்கிருந்து வருவோரிடமே ஒப்படைக்கவேண்டும்.