ஆறு போல்ட்டில் ஒன்று காணோம்

போன வாரம் என் பழைய டர்ட் பைக்கைக் கழுவும்போது பார்த்தேன். பின் ஸ்ப்ராக்கெட்ல 6 போல்ட்டுக்கு 5தான் இருந்துச்சு. அது செயின்ல சிக்கியிருந்தா பின்சக்கரம் லாக் ஆகி, நான் இன்னிக்கு மைக் முன்னாடி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தப்பு என்னோடதுதான். ஆலன் கீ போட்டு போல்ட் தலையைத் திருப்பியிருந்தேன். கூம்புத் தலை குழிக்குள்ள உரசும். நம்ம பலம் அந்த உரசலுக்கே போயிடும். கைக்கு டைட்டாத் தெரியும், பிடிப்பு இருக்காது. தலையை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்க நட்டைத்தான் முறுக்கணும்.

மரையில எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமத் துடைச்சு, நீல லாக்டைட் ஒரு சொட்டு. எதிரெதிர் வரிசையில டார்க் ரெஞ்ச். அளவு மேனுவல்ல இருக்கும். நட்டு மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க, நகர்ந்தா அடுத்த ரைடுலயே தெரியும்.

ஓட்டை முட்டை வடிவமாயிருந்தா ஸ்ப்ராக்கெட்டையே மாத்தணும். என்னோடது ஆயிடுச்சு.