சாவிக்கொத்து யார் கையில்?



2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் தேதி, சனிக்கிழமை. சுவீடன் நாட்டில் கூப் என்னும் பெரிய மளிகைக் கடை நிறுவனம் ஒன்று உண்டு. அதற்கு ஏறத்தாழ 800 கடைகள். அன்றைய தினம் அவற்றுள் பெரும்பாலானவை மூடிக் கிடந்தன. பாலும் ரொட்டியும் காய்கறியும் உள்ளே இருந்தன; மின்சாரமும் இருந்தது. ஆனால் பணம் வாங்கும் கல்லா இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை சாமான் வாங்க வந்த குடும்பங்கள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

அந்தக் கடைகளின் பூட்டை எந்தத் திருடனும் உடைக்கவில்லை. திருடர்கள் நுழைந்த வழி, அமெரிக்காவின் மயாமி நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கசேயா என்ற நிறுவனம் தயாரித்த ஒரு மென்பொருளில் இருந்தது. எங்கோ இருக்கும் ஓட்டை எங்கோ இருக்கும் கடையை எப்படி மூடியது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

முதலில் சர்வர் என்றால் என்ன? மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினிதான் சர்வர். பேங்க் மெஷினில் நீங்கள் கார்டைப் போட்டவுடன், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அது தொலைவில் உள்ள சர்வரைத்தான் கேட்கிறது. கைத்தொலைபேசியில் சேமநிதிக் கணக்கைப் பார்க்கும்போதும் அப்படியே. இத்தகைய கணினிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டபோது, ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆளை உட்காரவைக்க முடியுமா? முடியாது. ஆகவே ஓரிடத்தில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவும், பழுது நீக்கவும், புதிய மென்பொருளை அனுப்பவும் ஒரு நிர்வாக மென்பொருள் செய்தார்கள். கசேயா நிறுவனத்தின் வி.எஸ்.ஏ. என்பது அவ்வகையைச் சேர்ந்தது.

பழைய தோட்டத்து ஆபீசை நினைத்துப் பாருங்கள். ஸ்டோர், ரப்பர் ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என எல்லாவற்றின் சாவியும் ஒரே கொத்தாகத் தொங்கும். நூறு கதவுகளை உடைக்க வேண்டிய திருடனுக்கு அந்தக் கொத்து கிடைத்துவிட்டால் உடைக்கும் வேலையே இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. பெரிய கிராணியாரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வந்தால், ஸ்டோர்காரர் மறுபேச்சின்றிச் சாமானை எடுத்துக் கொடுப்பார். நிர்வாக மென்பொருளிடமிருந்து வரும் உத்தரவுக்குக் கணினிகளும் அப்படித்தான் கீழ்ப்படிகின்றன. அதற்காகத்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள்.

அந்த மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. நீ யார் என்று கேட்டு அடையாளம் பார்க்க வேண்டிய இடத்தில், அந்தக் கேள்விக்குத் தப்பி உள்ளே வர ஒரு வழி இருந்தது. ரெவில் என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல் அதைப் பிடித்துக்கொண்டது. ஜூலை 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திர தின விடுமுறைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, பழுது நீக்கும் மருந்து என்ற பெயரில் நஞ்சை அனுப்பியது. கீழே இருந்த கணினிகள் கிராணியாரின் சீட்டென்று நம்பி வாங்கிக்கொண்டன.

நோய்க்கிருமியைப் பிடிக்கும் காவல் மென்பொருள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் வி.எஸ்.ஏ. பயன்படுத்தும் கோப்பறைகளைச் சோதிக்க வேண்டாம் என்று காவல் மென்பொருளுக்குச் சொல்லி வைக்கும்படி கசேயாவே வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. வேலை தடைபடக் கூடாது என்பது காரணம். காவற்காரனைப் பார்க்க வேண்டாம் என்று சொன்ன அறையிலேதான் நஞ்சு இறங்கியது. மற்றக் காவலையும் அணைத்துவிட்டு, கோப்புகளை எல்லாம் யாரும் படிக்க முடியாதபடி குழப்பிப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று ஓலை வைத்தது.

கசேயாவிடம் நேரடியாக வாங்கியவர்களுள் பாதிக்கப்பட்டோர் 60 பேருக்கும் குறைவு என்று அந்நிறுவனம் கூறியது. ஆனால் அவர்களில் பலர் மற்றவர்களின் கணினிகளைக் கூலிக்குப் பார்த்துக் கொடுப்பவர்கள். அவர்களை நம்பியிருந்த நிறுவனங்களையும் சேர்த்தால் 1,500 வரை போயிற்று. கூப் அவற்றுள் ஒன்று. கூப்பின் கல்லாக்களைக் கவனித்துவந்த நிறுவனம்தான் கசேயாவின் மென்பொருளை வைத்திருந்தது. நியூசிலாந்தில் சில பள்ளிகளும் பாலர் பள்ளிகளும்கூட இதில் அகப்பட்டன. யாருடைய சாவி யாரிடம் இருக்கிறது என்று கடைசியில் இருப்பவனுக்குத் தெரிவதே இல்லை.

இந்த வரலாற்றில் நம் மனத்தை உறுத்தும் பகுதி வேறு. அந்த ஓட்டை இருப்பது முன்னமே தெரிந்திருந்தது. நெதர்லாந்தில் இத்தகைய ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து உரியவர்களிடம் சொல்லும் தன்னார்வலர் அமைப்பு ஒன்று உண்டு. அவர்கள் வி.எஸ்.ஏ.யில் ஏழு ஓட்டைகளைக் கண்டு, 2021 ஏப்ரல் 6ஆம் தேதியே கசேயாவுக்குத் தெரிவித்துவிட்டார்கள். கசேயாவும் அலட்சியம் செய்யவில்லை. சிலவற்றை ஏப்ரலிலும் மே மாதத்திலும் அடைத்தது. எஞ்சியவற்றுக்கு ஒட்டுப் போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே திருடர்கள் முந்திக்கொண்டார்கள்.

மூன்று மாதம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கோபம் வருவது இயல்பு. எந்தக் கதவின் பூட்டு கெட்டிருக்கிறது என்று பெரட்டுக் களத்தில் உரக்கச் சொன்னால் திருடன் காதிலும் விழுமல்லவா? ஒட்டு தயாராகும் வரை அமைதியாக இருப்பது இத்துறையில் பழகிவந்த நெறி. அந்தத் தன்னார்வலர்கள் நடந்துகொண்டது சரியே என்பது நம் கருத்து. ஆனால் ஆயிரம் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் மென்பொருளுக்கு ஒட்டுப் போட மூன்று மாதம் என்பது நீண்ட காலம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தாக்குதல் தெரிந்தவுடன், வி.எஸ்.ஏ. சர்வர்களை உடனே அணைத்துவிடுங்கள் என்று கசேயா அறிவித்தது. அந்த நெதர்லாந்துக்காரர்கள் தாங்கள் சேர்த்து வைத்திருந்த விவரங்களைக் கொண்டு, அவற்றை வைத்திருந்தவர்களை எச்சரிக்க உதவினார்கள். இணையத்திலிருந்து எட்டக்கூடிய நிலையில் 2,200க்கு மேல் இருந்த சர்வர்கள், இரண்டே நாளில் 140க்கும் கீழே குறைந்தன. முழு ஒட்டு ஜூலை 11ஆம் தேதி வந்தது.

திருடர்கள் மொத்தமாக 7 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். தாங்கள் கொடுக்கவில்லை என்று கசேயா கூறியது. ஜூலை 21ஆம் தேதி பூட்டைத் திறக்கும் பொதுச்சாவி அதன் கைக்கு வந்தது. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அதை ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே பெற்றிருந்தது என்ற செய்தி பின்னர் வெளியாயிற்று. கும்பலைப் பிடிக்கும் திட்டம் கெட்டுவிடக் கூடாதென்று வைத்துக்கொண்டார்களாம். இதற்கிடையில் கும்பலின் இணையத்தளங்கள் தாமாகவே மறைந்துவிட்டன. கோப்புகள் பூட்டிக் கிடந்தவர்களிடம் இதை எப்படி நியாயப்படுத்துவது என்று நமக்கு விளங்கவில்லை. உக்ரேனைச் சேர்ந்த ஒருவனை அவ்வாண்டு அக்டோபரில் போலந்தில் கைது செய்தார்கள். 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று உங்கள் கைத்தொலைபேசி அடிக்கடி கேட்கும். பிள்ளைகள் சலிப்போடு அதைத் தள்ளிவிடுவார்கள். அது தயாரித்தவன் அனுப்பும் ஒட்டு, போட்டுக்கொள்ள வேண்டும். கசேயாவில் புதுப்பிப்பாகத்தானே நஞ்சு வந்தது என்று மறுத்துக் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அப்படி நடப்பது அரிது. பழைய ஓட்டையை அடைக்காமல் விட்டு அகப்பட்டுக்கொள்வதோ அடிக்கடி நடப்பது. ஆனால் புதுப்பிப்பைத் தொலைபேசியின் அமைப்புப் பக்கத்திலிருந்தே செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் சுட்டியைத் தட்டிச் செய்யாதீர்கள். அது பொய்க் கையெழுத்துச் சீட்டாக இருக்கலாம்.

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு இன்றியமையாதவை என்று அது 11 துறைகளைக் குறிப்பிடுகிறது. பேங்க், மருத்துவம், தண்ணீர், மின்சக்தி ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத்துறையும் அந்தப் பட்டியலில் உண்டு. அத்துறைகளில் பொறுப்புள்ளவை என அறிவிக்கப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தங்கள் அமைப்பின் ஆபத்துகளை ஆராய வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் தர வேண்டும். சிறிய தோட்டத்து ஆபீஸ் ஒன்று அந்த அறிவிப்பில் வராமல் போகலாம். அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஒன்று செய்யலாம்: சம்பளக் கணக்கு, மருத்துவப் பதிவு ஆகியவற்றின் பிரதியை வாரந்தோறும் எடுத்து, எந்தக் கணினியோடும் இணைக்காமல் அலமாரியில் தனியே வைத்துப் பூட்டலாம். அந்தப் பூட்டின் சாவி மட்டும் அந்தப் பெரிய கொத்தில் சேரக் கூடாது.