முசுக்கொட்டை மரமும் இரு தந்திகளும்



சித்தார் என்னும் வாத்தியத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதன் பெயர் பாரசீக மொழியிலிருந்து வந்தது. 'சி' என்றால் மூன்று. 'தார்' என்றால் தந்தி. இன்றைய சித்தாரிலே தந்திகள் மிகப் பல. எனினும் பெயர் மட்டும் மூன்றோடு நின்றுவிட்டது. அந்தச் சித்தாருக்குப் பெயரளவிலே உடன்பிறப்பாக உள்ள ஒரு வாத்தியத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். துத்தார் என்பது அதன் பெயர். 'து' என்றால் இரண்டு. உஸ்பெக்கிஸ்தான், துருக்மெனிஸ்தான், தாஜிக்கிஸ்தான் ஆகிய நாடுகளிலும், சீனத்தின் மேற்கெல்லையில் வாழும் உய்குர் மக்களிடத்தும், ஈரானின் வடகிழக்கிலுள்ள கொராசானிலும் இவ்வாத்தியம் வழங்குகிறது. இவ்விடங்களில் எல்லாம் அதற்கு இரண்டு தந்திகளே உண்டு. ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரத்தார் மட்டும் 1960களில் அதற்குப் பதினான்கு தந்திகள் வரை பூட்டிவிட்டார்கள். பெயரை மாற்றினார்களா என்றால், அதுதான் இல்லை!

இரு தந்தி வாத்தியங்கள் அப்பகுதிக்குப் புதியன அல்ல. சிர் தரியா நதிக்கரையிலே பிறந்து 950ஆம் ஆண்டு மறைந்த தத்துவஞானி அல் பாராபி, தமது பெரிய சங்கீத நூலிலே கொராசான் நாட்டுத் 'தன்பூர்' என்னும் இரு தந்தி வாத்தியத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தன்பூர் என்ற சொல்லும் நமக்கு அந்நியமன்று. நமது கச்சேரி மேடையிலே பாடகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தம்புராவின் பெயர் அச்சொல்லின் வழி வந்ததே.

துத்தாரின் கதையை அறிய வேண்டுமாயின், முதலில் அந்நாட்டின் நிலத்தை அறிதல் வேண்டும். கரகூம், கிசில்கூம் என்னும் இரு பெரும் பாலைவனங்கள். அவற்றினூடே அமு தரியா, சிர் தரியா என்னும் இரு பெரும் நதிகள். நதிநீரைக் கால்வாய்களிற் கொண்டுசென்ற இடங்களிலேதான் ஊரும் உழவும் உண்டாயின. அடர்ந்த காடு அங்கே அரிது. தச்சனுக்குக் கிடைப்பவை கால்வாய் ஓரங்களிலும் தோட்டங்களிலும் மனிதன் நட்டு வளர்த்த மரங்களே. அவற்றுள் முதன்மையானது முசுக்கொட்டை. மல்பெரி என்று சொன்னால் உங்களுட் பலருக்கு உடனே விளங்கும். அதனைப் பழத்திற்காக மட்டும் அவர்கள் வளர்க்கவில்லை. பட்டுப்புழுவுக்கு இரை முசுக்கொட்டை இலை. ஆகவே பட்டு நெய்யும் நாடெங்கும் இம்மரம் வரிசை வரிசையாக நிற்கிறது. ஒவ்வோர் இளவேனிலிலும் புழுவுக்காக அதன் கிளைகளைத் தறித்துவிடுவார்கள். மரம் மறுபடியும் தளிர்க்கும். இவ்வாறு ஆண்டுதோறும் தலையை இழந்து இழந்து, அடிமரம் மட்டும் பருத்துத் திரண்டு நிற்கும். அந்த அடிமரத்திலேதான் துத்தாரின் குடம் ஒளிந்திருக்கிறது.

குடம் செய்யும் முறை இரண்டு. துருக்மேனியரும் கொராசானியரும் ஒரே மரத்துண்டைக் குடைந்து பேரிக்காய் வடிவிலே குடத்தை அமைப்பார்கள். பட்டுப்போன முசுக்கொட்டையே இதற்கு உகந்தது என்பது கொராசான் வினைஞர்களின் கொள்கை. பச்சை மரத்தைக் குடைந்தால் அது உலரும்போது வெடிக்கும், முறுகும். நின்றபடியே ஈரம் வற்றிய மரமோ இனி மாறுவதற்கு ஒன்றுமில்லாதது. வெளிப்புறத்தை வாய்ச்சியாலும் உளியாலும் செதுக்கி, உட்புறத்தைக் குடைந்து குடைந்து மெலிதாக்குவர். எவ்வளவு மெலிதாக்கலாம் என்பதை அளவுகோல் சொல்லாது. விரலால் தட்டிச் செவியாற் கேட்டே அறிதல் வேண்டும். சிறிது தடித்தால் நாதம் எழாது. சிறிது மிஞ்சிக் குடைந்தால் அத்தனை நாள் உழைப்பும் விறகாகிவிடும். உஸ்பெக்கியரின் முறை வேறு. அவர்கள் முசுக்கொட்டையை மெல்லிய பட்டைகளாக அரிந்து, வளைத்து, ஒன்றன் பக்கம் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டிக் குடமாக்குகிறார்கள். தோலுரித்த தோடம்பழத்தின் சுளைகளைப் போல் அப்பட்டைகள் அடுக்கி நிற்கும்.

குடத்தின் வாயை மூடும் பலகையும் முசுக்கொட்டையே. நீண்ட தண்டிக்கு அப்பிரிக்கொட் எனப்படும் பழமரத்தின் உலர்ந்த கட்டை சிறந்தது. தந்தியின் இழுவைக்கு வளையாத உறுதி அதற்கு உண்டு. நம் நாட்டவரும் தஞ்சாவூராரும் போற்றும் வீணைக்குப் பலாமரம் எப்படியோ, துத்தாருக்கு முசுக்கொட்டை அப்படி. இரண்டும் மனிதன் தன் வளவிலே வைத்துக் காய்கனி உண்ட மரங்கள் என்பது கவனித்தற்குரியது.

இவ்விடத்திலே ஒரு சிறு செய்தி. தந்திகளைத் தாங்கிப் பலகையின்மேல் நிற்கும் சிறு மரத்துண்டை நாம் வீணையிலே 'குதிரை' என்கிறோம். அங்கேயோ அதன் பெயர் 'கர்ரக்'. குட்டிக் கழுதை என்பது பொருள். சுமை தாங்குவது என்ற ஒரே எண்ணந்தான். நாம் குதிரைமேல் ஏற்றினோம், அவர்கள் கழுதைமேல் ஏற்றினார்கள். சுமையைப் பார்த்தால் அவர்கள் வைத்த பெயரே பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, தந்திக்கு வருவோம். துத்தாரின் பழைய தந்தி பட்டு. முசுக்கொட்டை இலையைத் தின்ற புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டைக் கொதிநீரிலிட்டு நூலின் தலைப்பைக் கண்டுபிடித்து இழுத்தால், ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீற்றர் நீளமான இழை வரும். அத்தகைய இழைகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து முறுக்கித் தந்தியாக்குவார்கள். இலை புழுவுக்குப் போயிற்று, புழுவின் நூல் தந்தியாயிற்று, இலை உதிர்ந்த மரம் குடமாயிற்று. ஒரே மரத்தின் இரண்டு பிறவிகள் ஒரு வாத்தியத்திலே சந்திக்கின்றன. உலகத்து வாத்தியங்களுள் இத்தகைய பொருத்தம் வேறெங்கேனும் உண்டோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

பட்டுத் தந்தியின் குரல் தாழ்ந்தது, மென்மையானது. அது உலோகம் போல் கணீரென்று ஒலிப்பதில்லை. தொண்டையிலிருந்து வரும் குரல்போல் எழுந்து விரைவில் அடங்கிவிடும். அதனை மீட்டுவதற்குக் கோல், நகக்கவசம் எதுவும் இல்லை. வலக்கை விரல்கள் ஐந்தும் மாறிமாறித் தந்திகளின்மேல் விசிறிபோல் விரிந்து சுருங்கும். கொராசானியர் தந்திகளுள் ஒன்றை ஆண் என்றும் மற்றதைப் பெண் என்றும் சொல்வர். ஆண் தந்தி விரல் படாது ஒரே சுருதியில் நிற்கும். பெண் தந்தியே இராகத்தைப் பாடும். நம் கச்சேரியிலே தம்புராவுக்கும் பாடகருக்கும் பகிர்ந்து கொடுத்த தொழிலை, அங்கே இரண்டு தந்திகளே பகிர்ந்துகொள்கின்றன.

இம்மென்குரலினால் உஸ்பெக்கியரிடையே துத்தார் இல்லத்து வாத்தியமாயிற்று. சிறப்பாகப் பெண்களின் வாத்தியமாயிற்று. அந்நாட்டுப் பழைய வீடுகளிலே பெண்டிர்க்கென உள்ளகம் ஒன்று உண்டு. அங்கே அவர்கள் தமக்குள் கூடிப் பாடுகையில் துத்தாரே துணை. பெர்கானாப் பள்ளத்தாக்கிலே வழங்கும் 'தனோவர்' என்னும் பாட்டுத்தொகுதி, இவ்வாறு பெண்களின் துன்பமும் காதலும் துத்தாரோடு கூடிப் பிறந்ததாகும். அறையிலுள்ள நால்வருக்குக் கேட்டால் போதும் என்று அமைந்த வாத்தியம் அது.

அந்த வாத்தியத்தை ஆயிரம்பேர் இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுசென்றால் என்ன ஆகும்? 1930களின் பிற்பகுதியிலே சோவியத் ஆட்சியில் தாஷ்கந்து நகரத்தில் நாட்டு வாத்தியங்களைக் கொண்டு பெரிய வாத்தியக் குழுவை அமைத்தார்கள். அஷோத் பெத்ரோசியான்ஸ் என்பவர் அம்முயற்சியில் முன்னின்றவர். வயலின் குடும்பத்தைப் போலத் துத்தாரையும் சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பல அளவிற் செய்தனர். தண்டியைச் சுற்றிக் கட்டி, வேண்டியபோது நகர்த்தக்கூடியதாயிருந்த நரம்பு மெட்டுகளை நீக்கிவிட்டு, ஐரோப்பிய முறைப்படி சமமாகப் பிரித்த பன்னிரண்டு சுரங்களுக்கு உலோக மெட்டுகளைப் பதித்தனர்.

இதனாற் கிடைத்த பயனை மறுத்தல் நேர்மையன்று. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் சங்கீதப் பாடசாலைக்கு வந்தார்கள், இசைக்குறிகளைப் படித்தார்கள், பெண்கள் உள்ளகத்தை விட்டு மேடைக்கு வந்தார்கள். இக்கடைசிப் பயன் ஒன்றே பெரிது. ஆயினும் வாத்தியம் எதை இழந்தது? இரண்டு சுரங்களுக்கு இடையே நின்ற நுண்ணிய சுருதிகளை இழந்தது. நமது வீணையிலே மெழுகைப் பெயர்த்து மெட்டுகளை ஆர்மோனியத்தின் கட்டைகளுக்கு இசைய வைத்து, தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதையும் தடுத்துவிட்டால் தோடி இராகம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கற்பிக்க எளிது என்பதற்காகப் பாடத்தையே சுருக்கிவிடும் பழக்கம் கல்வியுலகிலும் உண்டு. அதனால் இதன் இயல்பு எனக்கு நன்கு விளங்குகிறது.

துருக்மேனியர் வேறொரு வழியில் சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே அவர்கள் பட்டை விட்டு உருக்குத் தந்திக்கு மாறினர். கொராசானிலும் அவ்வாறே. ஆனால் வாத்தியம் இல்லத்துக்குள் ஒடுங்கியிருந்ததன்று, அங்கே. 'பக்ஷி' எனப்படும் பாணர்கள் ஊர்க்கூட்டத்தின் நடுவே இருந்து இரவெல்லாம் வீரகாவியம் பாடும் நாடு அது. உரத்த குரல் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அப்பாணர்களைப் பற்றி ஒரு வரலாறு அவர்களிடையே வழங்குகிறது. ஷுக்கூர் பக்ஷி என்ற பாணரின் சகோதரனை எல்லைச் சண்டையொன்றிலே பாரசீகப் பக்கத்தார் சிறைபிடித்துச் சென்றனர். ஊரார் ஆயுதம் எடுத்துப் புறப்பட ஆயத்தமாயினர். ஷுக்கூர் அவர்களைத் தடுத்து, துத்தாரை மாத்திரம் எடுத்துக்கொண்டு தனியே போனார். அங்குள்ள தலைவன், தன் அவைக்களத்து வித்துவானை வென்றால் சகோதரனை விடுவிப்பதாகச் சொன்னான். போட்டி நடந்தது. ஈற்றிலே அவைக்கள வித்துவானே ஷுக்கூரின் மேன்மையை ஒப்புக்கொண்டான். சகோதரர் இருவரும் ஊர் திரும்பினர். இக்கதையைக் கொண்டு புலாத் மன்சூரொவ் என்னும் துருக்மேனிய இயக்குநர் 1963இல் 'போட்டி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு திரைப்படமும் எடுத்தார்.

யுனெஸ்கோ நிறுவனம் ஈரானின் துத்தார் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் 2019இலும், துருக்மெனிஸ்தானின் துத்தார்க் கைவினையை 2021இலும் மானிட குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலிற் சேர்வதனால் மரம் வளர்ந்துவிடாது. கொராசானில் துத்தார் செய்வோருட் பெரும்பாலோர் இன்றும் உழவர்கள். மரத்தை அறிந்தவர்கள் அதனாலேயே.

அத்தகைய உழவர்களுள் ஒருவர், குச்சான் பகுதியைச் சேர்ந்த ஹாஜி குர்பான் சுலைமானி என்ற பக்ஷி. சங்கீதம் சமயத்துக்கு ஆகாதது என்று சமயப் பெரியார் ஒருவர் சொல்லக் கேட்டு, அவர் துத்தாரைக் கீழே வைத்துவிட்டார். சுமார் இருபது ஆண்டுகள் அதனைத் தொடவில்லை, நிலத்தையே உழுதார். பின்னர் வேறொரு பெரியார் அதில் தவறில்லை என்று சொல்லவே மீண்டும் எடுத்தார். 1991இல் பிரான்சு தேசத்து அவிஞ்ஞோன் கலைவிழாவிலே அவரைக் கேட்டவர்கள் வியந்தார்கள். மேடைகளில் அவர் அருகே அமர்ந்து இரண்டாவது துத்தாரை வாசித்தவர் அவருடைய மகன் அலிரேசா. தந்தை 2008இல் காலமானார்.